கொள்ளைநோய்க் காலத்தில் கடல் கடந்த காசு: கல்முனைக் கரையோரம் ஒரு பயணம்

மட்டக்களப்பிலிருந்து ஏ4 நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் செல்லும்போது, களுவாஞ்சிகுடியையும் கல்லாற்றையும் தாண்டியபின் பெரிய நீலாவணையில் அம்பாறை மாவட்டம் தொடங்குகிறது. அங்கிருந்து நிந்தவூர் வரை, ஓர் ஊர் எங்கு முடிந்து மற்றொன்று எங்கு தொடங்குகிறது என்பதைக் கடைப் பெயர்ப்பலகைகளின் அடியில் எழுதப்பட்ட முகவரியைப் படித்தே அறிய வேண்டியிருக்கிறது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வரும் இக்கரையில், கிழக்கே கடலும் மேற்கே வயலும் நெருக்க, இடைப்பட்ட ஒடுங்கிய மணல் நிலத்தில் இலங்கையின் மிக அடர்ந்த குடியிருப்புகளுள் சில அமைந்திருக்கின்றன. பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் குறுக்கு வீதி ஒன்றில் முச்சக்கரவண்டி நுழைந்துவிட்டால், எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர் யாருடைய வீட்டுப் படலைக்குள்ளாவது ஒதுங்கி வழிவிட நேரிடும்.

இந்த நெருக்கத்துக்கு நிலத்தின் ஒடுக்கம் மட்டும் காரணமாகாது. கிழக்குக் கரையின் முஸ்லிம்களும் தமிழரும் ‘குடி’ எனப்படும் தாய்வழிக் குலப்பிரிவுகளைக் கொண்டவர்கள். இங்கு மணமகன் மனைவியின் வீட்டில் சென்று வாழ்வதும், வீடும் வளவும் சீதனமாக மகளுக்குச் சேர்வதும் வழக்கம். மூத்த மகளுக்குத் தாம் வாழ்ந்த வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அதே வளவின் பின்புறத்தில் இன்னொரு வீடு கட்டிக் குடிபோவதும், அடுத்தவளுக்கு அதையும் கொடுத்துவிட்டு மேலும் ஒதுங்குவதும் தலைமுறைகளாக நடந்து வருவதால், ஒரு வீடும் சில தென்னைகளும் நின்ற வளவில் இன்று மூன்று நான்கு வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. 1977க்குப் பின் நாட்டின் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு, வளைகுடா நாடுகளுக்கு ஆட்கள் தொழில் தேடிச் செல்லத் தொடங்கியபோது, அங்கிருந்து வந்த காசின் முதற்செலவு இந்தச் சீதன வீடாகவே இருந்தது. தங்கைக்கோ மகளுக்கோ வீடு முடியும் வரை வெளிநாட்டில் நிற்பதென்று முடிவு செய்து போனவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

காசு மாதந்தோறும் வருவதால் வீடும் தவணை முறையில் வளர்கிறது. அத்திவாரம் ஓராண்டு, சுவர் மறு ஆண்டு, மேல்தட்டு அதற்கும் பிறகு என்று கட்டிடம் அரைகுறையாய் நிற்கும் காலத்தில், சீமெந்து குழைக்க நீர் நிரப்பிய தொட்டியும், இரண்டாம் மாடிக்கென்று நீட்டிவிட்ட கம்பிகளுக்கிடையே மழைநீர் தேங்கும் கொங்கிரீட் தட்டும் அப்படியே கிடக்கின்றன. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு விரும்புவது சாக்கடையை அல்ல. இத்தகைய தெளிந்து தேங்கிய நீரையே அது நாடும். அதன் முட்டை உலர்ந்த தொட்டிச் சுவரில் மாதக்கணக்கில் கெடாமல் இருந்து, அடுத்த மழையில் நீர் பட்டதும் பொரிக்கும் இயல்புடையது. பொரித்த புழு பத்து நாட்களுக்குள் கடிக்கும் நுளம்பாகிவிடும். அந்த நுளம்பு நெடுந்தூரம் பறப்பதில்லை என்பது பிற இடங்களில் ஓரளவு ஆறுதலாக இருக்கலாம். ஆனால் அது பறக்கக்கூடிய தூரத்துக்குள் கல்முனைக்குடியில் எத்தனை வீடுகள் அடங்கும் என்று எண்ணிப் பார்த்தால் அந்த ஆறுதலும் இல்லாமற்போகும். குடும்பத்தைக் காக்க வந்த காசே குடியிருப்பை நெருக்கி, நோய்க்கும் இடம் கொடுத்திருக்கிறது என்ற இந்த உண்மையை விட்டுவிட்டு, நோய் வந்தபின் அதே காசு உதவியாக வந்த கதையை மட்டும் சொல்வது பாதிக் கதையாகவே இருக்கும்.

வடகீழ்ப் பருவமழை முடியும் தை, மாசி மாதங்கள் இக்கரையில் டெங்கின் பருவம். 2006ஆம் ஆண்டின் இறுதியில், பல பத்தாண்டுகளாக இலங்கையில் காணப்படாதிருந்த சிக்குன்குன்யா காய்ச்சல் திரும்பி வந்தபோது கிழக்குக் கரையும் அதில் அகப்பட்டது. 2017இல் நாடு முழுவதும் 1,86,101 பேர் டெங்கு நோயாளராகப் பதிவாகி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கிழக்கில் முதலில் பெரும் அடி வாங்கியது திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியா என்றாலும், கல்முனைக் கரையின் வைத்தியசாலைகளிலும் விடுதிகள் காய்ச்சற்காரரால் நிரம்பின. அதன்பின் வந்தது கொவிட்-19. ஒவ்வொரு முறையும் ஊருக்கு வெளியே இருப்பவர்களிடம் கை நீட்டும் வழக்கமும் கூடவே வளர்ந்தது.

அந்த ‘வெளியே இருப்பவர்கள்’ யார் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வது நல்லது. யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்று குடியுரிமை பெற்றுக் குடும்பத்தோடு நிலைத்துவிட்ட தமிழரோடு இவர்களை ஒப்பிடுவது பொருந்தாது. கல்முனைக் கரையிலிருந்து இலண்டனுக்கோ மெல்பேணுக்கோ சென்று நிலைத்த வைத்தியர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் இருக்கிறார்கள் என்றாலும், பெருந்தொகையினர் சவூதி அரேபியா, கட்டார், குவைத், ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் ஒப்பந்தக் கூலியில் இருப்பவர்களே. அங்கு அவர்களுடைய வதிவிட உரிமை ‘கஃபாலா’ முறையின்படி, அதாவது வேலை கொடுத்தவரின் பொறுப்பின்பேரில் மட்டுமே, தங்கியிருக்கிறது. வேலை போனால் விசாவும் போகும். எனவே இக்கரையின் நோய்க்கால நிதியை வசதியுள்ள வெளிநாட்டவர் வறிய ஊருக்கு இட்ட கொடை என்று விளங்கிக்கொள்வது பிழை. சாரதியும் வீட்டுப் பணிப்பெண்ணும் கடைச் சிப்பந்தியும் தம் சம்பளத்தில் பிரித்துக் கொடுத்த காசு அது.

ஒரு வேண்டுகோள் பயணப்படும் வழியை அருகிலிருந்து பார்த்தால் இக்கரையின் சமூக அமைப்பே அதில் தெரிகிறது. வைத்தியசாலை விடுதி ஒன்றில் இன்ன பொருள் இல்லை என்பதை அங்கு பணிபுரியும் ஊர்க்காரர் ஒருவர் உணர்கிறார். அது வைத்தியசாலையின் அபிவிருத்திச் சங்கத்துக்கு, அதாவது பொறுப்பு வைத்தியரும் ஊர்ப் பெரியோரும் சேர்ந்த நலன்புரிக் குழுவுக்கு, வாய்மொழியாகச் செல்கிறது. பிறகு கடிதத் தலைப்பும் பதவி முத்திரையும் கொண்ட ஒரு தேவைப் பட்டியலாக மாறி, கைபேசியில் படம் பிடிக்கப்பட்டு, பழைய மாணவர் சங்கத்தின் கட்டார்க் கிளை, ஜித்தாவிலுள்ள ஊர்ச் சங்கம் என்று வட்ஸ்அப் குழுக்களில் இறங்குகிறது. கடிதத்தை விட அதன்பின் வரும் குரல் பதிவே அதிகம் காசு சேர்க்கும் என்பது இந்தக் குழுக்களில் உள்ளவர்கள் அறிந்த செய்தி. தெரிந்த குரலில், தெரிந்த தெருவின் பெயரைச் சொல்லி, “நம்மட ஆஸ்பத்திரிக்குத்தான் கேக்கிறம்” என்று ஒருவர் பேசினால், அன்றிரவே யார் எவ்வளவு என்ற பெயர் வரிசை குழுவில் நீளத் தொடங்கும். சேர்ந்த தொகை பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையின் கணக்குக்கோ ஊரில் நம்பிக்கையான ஒரு வர்த்தகரிடமோ வந்து சேர, பொருள் வாங்கிக் கையளித்த நிழற்படமும் பற்றுச்சீட்டும் அதே வழியில் திரும்பிச் செல்கின்றன. அரச நிதிக்கு மாதங்கள் எடுக்கும் இடத்தில் இதற்குச் சில நாட்கள் போதும். நாட்டின் தலைமை 2020 மார்ச்சில் ‘இடுகம’ என்ற பெயரில் கொவிட் நிதியம் ஒன்றைத் திறந்து உள்நாட்டாரிடமும் வெளிநாட்டில் வாழ்வோரிடமும் கேட்டபோதும், இக்கரைக்காரர் தம் தெருவை அறிந்த இந்தச் சிறு வாய்க்கால்களையே அதிகம் நம்பினர். அந்த நம்பிக்கை பிழைத்துப்போனதென்று சொல்ல இடமில்லை.

மருதமுனைக்குள் வண்டியை நிறுத்தினால் தறிச் சத்தம் இன்றும் கேட்கிறது. சாரமும் சேலையும் நெய்யும் இவ்வூரில் வீட்டின் ஓரத்திலேயே தறி போட்டிருப்பார்கள். கால் மிதியை மாற்றி மிதிக்க, நாடா ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் பாய, பலகையை இழுத்து அடிக்கும் ஓசை சீராக வந்துகொண்டிருக்கும். இந்தத் தொழிலுக்குச் சித்திரைப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளுமே விற்பனைக் காலம். 2020 மார்ச் 20ஆம் தேதி நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது இரண்டு பெருநாட்களுக்குமாக நெய்து அடுக்கிய துணி வீட்டிலேயே தங்கிவிட்டது. கடற்றொழிலாளருக்கும் நாட்கூலிகளுக்கும் இதே நிலைமைதான். அரசு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் வழங்கியது. ஏப்ரல் இறுதியில் நோன்பு பிறந்தபோது பள்ளிவாசல்கள் மூடியிருந்தன. அஸர் எனும் பிற்பகல் தொழுகைக்குப் பின் சிறுவர்கள் தூக்குவாளியோடு வரிசையில் நின்று நோன்புக் கஞ்சி வாங்கிப்போகும் காட்சியும் அவ்வாண்டு இல்லை.

ஆனால் நோன்பு மாதம் ஸகாத்தின் மாதமும் ஆகும். தேவைக்கு மேல் ஓராண்டு தங்கிய செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கை, குர்ஆன் குறிப்பிடும் எட்டு வகையினருக்குக் கொடுக்க வேண்டும் என்ற மார்க்கக் கடமையே ஸகாத். அந்த எட்டில் முதலில் வருவோர் வறியோர். பெரும்பாலான அறிஞர்களின் கருத்துப்படி ஸகாத் ஓர் ஆளின் கையில் சேர வேண்டுமேயன்றிக் கட்டிடத்திலோ இயந்திரத்திலோ போடக்கூடாது. எனவே அவ்வாண்டு வெளியிலிருந்து வந்த பணத்தில் பெரும் பகுதி அரிசி, பருப்பு, சீனி, மா, தேங்காயெண்ணெய் நிறைந்த உலர் உணவுப் பொதியாக மாறி வீடு வீடாகச் சென்றது. பட்டியலில் பெயர் வரக் கூசிய வீடுகளுக்கு இருட்டிய பின் கொண்டுபோய் வைத்தார்கள். கொள்ளைநோய்க் கால உதவி என்றவுடன் மனம் மருந்தையும் கருவியையும் நினைக்கிறது. ஆயினும் தொற்றுள்ளவர் வெளியே போகாமல் வீட்டில் இருக்க வேண்டுமானால் அவ்வீட்டில் அடுப்பெரிய வேண்டும் என்பதால், அந்த அரிசிப் பொதியையும் நோய்த்தடுப்பு என்றே கணக்கிட வேண்டும். அக்காலத்தில் செய்யப்பட்ட எல்லாவற்றிலும் மிகச் சரியாகச் செய்யப்பட்டது இதுவே என்பது இக்கட்டுரையின் துணிபு.

அந்தக் காசை அனுப்பியவர்களின் நிலையையும் இங்கே பார்க்க வேண்டும். கட்டாரின் தலைநகரான தோஹாவில் வெளிநாட்டுத் தொழிலாளர் செறிந்து வாழும் கைத்தொழிற் பேட்டையின் முதல் 32 வீதிகளும் 2020 மார்ச் 17ஆம் தேதியே மூடி முத்திரையிடப்பட்டன. இரண்டு நாள் கழித்துக் கட்டுநாயக்க விமான நிலையம் வருவோருக்கு அடைக்கப்பட்டது. ஓர் அறையில் பலர் அடுக்குக் கட்டிலில் உறங்கும் விடுதிகளில் ஊரைக் காட்டிலும் விரைவாகத் தொற்று பரவியது. வேலை நின்றவர்களுக்குச் சம்பளமும் நின்றது. மே மாதம் குவைத்திலிருந்து அழைத்து வரப்பட்டவர்களில் பலருக்குத் தொற்று இருந்ததால், வளைகுடாவிலிருந்து ஆட்களைத் திருப்பி அழைத்தல் தடைப்பட்டுத் தடைப்பட்டே நடந்தது. வழக்கமாக இத்தகைய வரலாறுகளில் பாதுகாப்பான கரையிலிருந்து ஆபத்தான கரைக்கு உதவி செல்லும். இங்கு இரு கரையிலும் ஒரே நோய், இரு கரையிலும் அடைப்பு. பெருநாளைக்கு மறுநாள் ஊரில் பொதி பெற்ற வீட்டுக்காரர், அதே வாரத்தில் குவைத்தில் உணவுக்கு வழியின்றி இருக்கும் மகனுக்காக அங்குள்ள ஊர்ச் சங்கத்திடம் கேட்க வேண்டியிருந்த நிலைமையும் உண்டு.

கல்முனை நகரின் பிரதான வீதியில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு முச்சக்கரவண்டியில் சில நிமிடங்களில் போய்விடக்கூடிய தூரத்தில், இரண்டு ஆதார வைத்தியசாலைகள் இருக்கின்றன. வடக்கே உள்ளது கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை. தெற்கே, கல்முனைக்குடிப் பக்கம் உள்ளது, 2000 செப்டம்பர் 16இல் உலங்குவானூர்தி விபத்தில் இறந்த முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் நினைவாகப் பெயரிடப்பட்ட அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை. மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கீழும் பிரதேச வைத்தியசாலைக்கு மேலும் உள்ள நடுத்தர மருத்துவமனையே ‘ஆதார வைத்தியசாலை’. அப்படிப்பட்ட இரண்டு ஒரே ஊரில் அமைந்ததற்குப் போர்க்காலமும் அது வளர்த்த இனப் பிரிவும் காரணம். முன்னதற்குத் தமிழ்ப் புலம்பெயர்ந்தோரிடமிருந்தும் பின்னதற்கு முஸ்லிம் ஊர்ச் சங்கங்களிடமிருந்தும் உதவி வருவதே பொதுப் போக்கு. நிர்வாகத்தில் இரண்டும் கல்முனைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் எல்லைக்குள் வருகின்றன; அம்பாறை மாவட்டம் சுகாதாரத் துறையில் மட்டும் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்தியங்களாகப் பிரிக்கப்பட்டிருப்பதும் இக்கரையின் தனித்தன்மைகளுள் ஒன்று. பாண்டிருப்பில் கடித்த நுளம்புக்குக் கல்முனைக்குடி எல்லை தெரியாது என்று கூட்டங்களில் எல்லாரும் சொல்கிறார்கள். நன்கொடைப் பட்டியல் மட்டும் தனித்தனியே போகிறது.

இவ்வட்டார வைத்தியசாலைகளின் விடுதிகளில் நடக்கும்போது கட்டிலின் தலைமாட்டிலும் குடிநீர்க் குளிரூட்டியிலும் சக்கர நாற்காலியின் முதுகிலும் ‘அன்பளிப்பு’ என்ற சொல்லும் அதன்கீழ் ஒரு குடும்பத்தின் அல்லது சங்கத்தின் பெயரும் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். இறந்த பெற்றோரின் பெயரே பெரும்பாலும் இருக்கும். இதற்குப் பின்னால் ‘சதகா ஜாரியா’ என்ற கருத்து நிற்கிறது: கொடுத்தவர் இறந்த பின்னும் பயன் தந்துகொண்டிருக்கும் தர்மம், அந்தப் பயன் நீடிக்கும் வரை அவருக்கு நன்மை சேர்க்கும் என்பது அதன் பொருள். கிணறு, பள்ளிவாசல், மரம் என்று இருந்த இவ்வரிசையில் கொவிட் காலத்தில் ஒட்சிசன் செறிவாக்கியும் சேர்ந்துகொண்டது. 2021 ஆகஸ்டில் டெல்டாத் திரிபு நாட்டைப் பிடித்து, 20ஆம் தேதி முதல் ஒக்டோபர் தொடக்கம் வரை மீண்டும் ஊரடங்கு வந்தபோது, இலங்கையின் எல்லாப் பகுதிகளையும் போல இக்கரைக்கும் வெளியிலிருப்போர் தேடித்தேடி அனுப்பிய பொருள் அதுவே.

செறிவாக்கி என்பது அறைக் காற்றை உறிஞ்சி, சியோலைட் எனும் நுண்துளைக் கனிமத்தினூடே செலுத்தி, நைதரசனைப் பிடித்துவைத்து ஒட்சிசனை விடும் பெட்டி. நிமிடத்துக்கு ஐந்து அல்லது பத்து லீற்றர் தரும் அது, நோய் முற்றாத நிலையில் உள்ளவருக்கு உயிர்காக்கும். மூச்சுத் திணறல் கடுமையானவருக்கோ நிமிடத்துக்கு அறுபது லீற்றர் வரை செலுத்தும் வேறு கருவி வேண்டும், அதற்குக் குழாய்வழி ஒட்சிசன் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளத் தாதியர் வேண்டும். பெட்டி வந்தது; ஆனால் வடிகட்டி மாற்றுவதற்கும் பழுது பார்ப்பதற்கும் காசு கேட்டால் அதே குழுக்களில் பெயர் வரிசை நீளவில்லை. டெங்கிலும் இதுவே நிலை. டெங்கு நோயாளியைக் காப்பாற்றுவது விலையுயர்ந்த மருந்தன்று. காய்ச்சல் தணியும் வேளையில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர்க்கூறு கசியும் ஓரிரு நாட்களில், சில மணிக்கொருமுறை குருதி எடுத்துத் தட்டணுக்களை எண்ணி, குருதியின் செறிவையும் பார்த்து, செலுத்தும் திரவத்தை அளந்து கூட்டியும் குறைத்தும் கவனிப்பதே அதன் வைத்தியம். எண்ணும் இயந்திரத்தை அன்பளிப்புச் செய்ய ஆள் உண்டு. அதற்குள் ஊற்றும் இரசாயனத் திரவம் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும். அதன் மேல் யாருடைய தாயின் பெயரையும் எழுத முடியாது.

கல்முனைக்குடியின் குறுக்கு வீதிகள் முடியும் இடத்தில், அலைக்கு மிக அருகில், கடற்கரைப் பள்ளிவாசல் நிற்கிறது. தமிழ்நாட்டு நாகூரில் அடங்கியிருக்கும் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நடைபெறும் இவ்விடத்தில் அவருடைய அடக்கம் இல்லை; முற்காலத்தில் கடும் நோயுற்ற ஒருவருக்கு அவர் கனவில் தோன்ற, நோய் நீங்கியது என்பதே இதன் தோற்றக் கதையாக ஊரில் வழங்குகிறது. கடலுக்கு அப்பாலிருந்து நோய்க்கு உதவி வரும் என்ற எண்ணம் இக்கரைக்குப் புதியதல்ல. 2020 டிசம்பர் இறுதியில் தொற்று அதிகரித்தபோது, செய்லான் வீதியிலிருந்து வாடிவீட்டு வீதி வரையான கல்முனைப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டது. அரசாங்க உத்தியோகத்தரும் மாநகர சபை ஊழியரும் பள்ளிவாசல் தொண்டர்களும் தடைக்கம்பிகளுக்கு ஊடாகப் பொருட்களைக் கைமாற்றினர்.

ஆனால் அந்த மார்கழியில் இவ்வூர்களை வாட்டிய துயரம் காசால் தீரக்கூடியதாக இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் தேதி வெளியான வர்த்தமானி அறிவித்தல், கொவிட் தொற்றால் இறந்தோர் அனைவரையும் எரித்தே ஆக வேண்டும் என்று விதித்தது. இஸ்லாத்தில் ஜனாஸாவை, அதாவது இறந்தவரின் உடலை, குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றித் தொழுகை நடத்தி மண்ணில் அடக்க வேண்டும்; எரிப்பது உடலுக்குச் செய்யும் அவமதிப்பாகக் கருதப்படும். உலக சுகாதார நிறுவனம் புதைப்பதையும் எரிப்பதையும் ஒருசேர அனுமதித்திருந்தது. டிசம்பர் 1ஆம் தேதி உயர் நீதிமன்றம் எதிர்மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அடுத்த வாரம், பிறந்து இருபது நாளேயான குழந்தை ஒன்று பெற்றோரின் எதிர்ப்பையும் மீறி எரிக்கப்பட்டது. கொழும்பு பொரளை மயான வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினர். உடல் எரிக்கப்படும் என்ற அச்சத்தால் நோயை மறைப்பதும் வைத்தியசாலைக்குப் போகத் தயங்குவதும் இயல்பாகவே நேர்ந்தன. நோயைக் கட்டுப்படுத்தவென்று போட்ட விதி நோயை ஒளித்துவைக்கச் செய்தது.

இந்த இடத்தில் வெளிநாட்டில் இருப்போருக்கிடையிலான வேறுபாடு வெளிப்பட்டது. வளைகுடாவில் இருப்பவர் வாய் திறந்தால் விசா போகும். ஊர்வலத்துக்கு அங்கே இடமுமில்லை. பிரித்தானியாவிலும் பிற மேலைநாடுகளிலும் நிலைத்திருந்த இலங்கை முஸ்லிம்களே மனுக்களையும் கண்டனங்களையும் முன்னெடுத்தனர். பிரித்தானிய முஸ்லிம் பேரவை சட்ட நடவடிக்கையில் இறங்கியது. ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர்களும் 57 நாடுகள் கொண்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பும் குரல் கொடுத்தன. பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து சென்ற மறுநாள், 2021 பெப்ரவரி 25ஆம் தேதி, அடக்கத்துக்கு அனுமதி வர்த்தமானியில் வெளியாயிற்று. கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவில் புதைப்பதென்ற முதல் யோசனை அங்குள்ள மக்களின் எதிர்ப்பால் கைவிடப்பட, மார்ச் 5ஆம் தேதி முதல் ஓட்டமாவடியின் மஜ்மா நகரில் அடக்கம் தொடங்கியது. கொழும்பிலிருந்து பொலன்னறுவை வழியாக இக்கரைக்கு வருவோர் கடந்து செல்லும் ஓட்டமாவடி, கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது; ஓராண்டில் நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட 3,600க்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே இலக்கமிட்ட கற்களின் கீழ் உள்ளன. அவற்றுள் பிற மதத்தவருடையவையும் சில. கட்டாய எரிப்புக்காக அமைச்சரவை மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்.

நிந்தவூரைத் தாண்டினால் நிலம் சற்று விரிகிறது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்த ஒலுவிலையும், தன் சிறு வைத்தியசாலையைக் கொவிட் சிகிச்சை நிலையமாக விட்டுக்கொடுத்த பாலமுனையையும், அட்டாளைச்சேனையையும் கடந்தால் அக்கரைப்பற்று. பேலியகொடை மீன்சந்தையிலிருந்து பரவிய இரண்டாம் அலை 2020 நவம்பர் இறுதியில் இங்குள்ள சந்தையைப் பிடித்து, ‘அக்கரைப்பற்றுக் கொத்தணி’ என்ற பெயரை நாடறியச் செய்தது. ஊரின் உட்புறம் நுரைச்சோலையில் வேறொரு காட்சி உண்டு. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களை இம்மாவட்டத்திலிருந்து எடுத்துச்சென்ற 2004 ஆழிப்பேரலைக்குப் பின், சவூதி அரேபியாவின் நிதியில் பாடசாலை, பள்ளிவாசல், வைத்தியசாலை, சந்தையுடன் கட்டப்பட்ட 500 வீடுகள், யாருக்குப் பங்கிடுவது என்ற வழக்கினாலும் அரசியலாலும் பத்தாண்டுக்கு மேல் ஆளின்றிப் பற்றைக்காடு மூடிக் கிடந்தன. வட்ஸ்அப் குழுவில் சேர்ந்த சில இலட்சம் ரூபாய் செய்து முடித்ததை அந்தப் பெருந்தொகை செய்ய முடியாமற்போனதை எண்ணாமல் அவ்வழியே போவது கடினம்.

இதற்கிடையே, வங்கி வழியே வரும் காசுக்கு வறட்சி வந்தது. 2020இல் வெளிநாடுகளில் தொழில் புரிவோர் இலங்கைக்கு வங்கிகள் வழியே அனுப்பிய பணம் 710 கோடி டொலர். 2021இல் 550 கோடியாகவும் 2022இல் 380 கோடியாகவும் அது இறங்கியது. டொலருக்கு 200 ரூபாய் என்று வங்கியில் விலை கட்டி வைக்கப்பட்டிருந்த காலத்தில், உண்டியல் எனப்படும், வங்கியைத் தொடாமல் ஆளுக்கு ஆள் நம்பிக்கையில் பணம் கைமாறும் முறையில் கூடுதல் விலை கிடைத்ததே காரணம். வீட்டுக்கு வந்த காசு குறையவில்லை. நாட்டுக்கு வந்த டொலர் குறைந்தது. பெரும்பாலான மருந்துகளை இறக்குமதி செய்யும் நாடு டொலரின்றி 2022 ஏப்ரலில் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, கல்முனை வைத்தியசாலைகளின் பட்டியல்களில் செறிவாக்கிக்குப் பதிலாகச் சாதாரண மருந்துகளும் கையுறையும் ஊசியும் ஏறின. அந்த ஆண்டிலும் டெங்கு நோயாளர் 76,000ஐத் தாண்டினர்.

தொடர்ந்து தீரும் பொருளுக்குத் தொடர்ந்து காசு தேவை என்ற சிக்கலுக்கு விடை இக்கரையின் வழக்கத்துக்குள்ளேயே இருக்கிறது. ‘வக்ஃபு’ என்பது ஒரு சொத்தை விற்கவோ பிரிக்கவோ முடியாதபடி இறைவழியில் ஒதுக்கி, அதன் வருமானத்தை மட்டும் செலவிடும் அறக்கட்டளை. 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம் இதை இலங்கையில் ஒழுங்குபடுத்துகிறது. இவ்வூர்களின் பள்ளிவாசல்கள் பலவற்றுக்கு வாடகை தரும் கடைகளும் நெற்காணிகளும் இவ்வாறு உண்டு. கட்டாரிலிருந்து வரும் அடுத்த நிதியில் இன்னுமோர் இயந்திரத்தை வாங்குவதற்குப் பதிலாக, பிரதான வீதியில் ஒரு கடையறையை வாங்கி அதன் வாடகையை இரசாயனத் திரவத்துக்கும் வடிகட்டிக்கும் எழுதி வைத்தால், பெற்றோரின் பெயரை அந்தக் கடையின் நெற்றியில் எழுதலாம். சதகா ஜாரியா என்ற கருத்துக்கும் அது முழுக்கப் பொருந்தும். தடையாக இருப்பது மார்க்கமல்ல. நம்பிக்கையாளர் சபை மாறும்போது கணக்கும் தகராறுக்குள்ளாகும் அனுபவமும், ஒரே கடையின் வாடகையை இரண்டு ஆதார வைத்தியசாலைகளுக்கும் பகிர்வதா என்று முதற்கூட்டத்திலேயே எழக்கூடிய கேள்வியுமே தடை. சாய்ந்தமருது, நிந்தவூர் போன்று ஒரே பள்ளிவாசல் தலைமையின்கீழ் இறுக்கமாக நிற்கும் ஓர் ஊரில், தன் ஊர் வைத்தியசாலைக்கு மட்டுமென்று, ஒரு கடையோடு இதைத் தொடங்குவது எளிதாக இருக்கும்.